வடசென்னையில் உள்ளகக் காற்றுத் தூய்மை

வீடு, பட்டறை, கடை, வகுப்பறை போன்ற மூடிய இடங்களில் மக்கள் சுவாசிக்கும் காற்று உள்ளகக் காற்று எனப்படுகிறது. யானைக்கவுனி, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் வடசென்னைப் பகுதியில் இக்காற்று இருபுறமும் கெடுகிறது. உள்ளே அடுப்பும் கொசுவத்தியும் பட்டறைத் தீயும் புகைகின்றன. வெளியே துறைமுகம், அனல் மின் நிலையம், உர ஆலை, சுத்திகரிப்பு ஆலை, கன்டெய்னர் லாரி. ஜன்னலைத் திறந்தால் தூசி வருகிறது, மூடினால் புகை தங்குகிறது. காற்றோட்டமாக இருங்கள் என்ற வழக்கமான சுகாதார அறிவுரை இங்கே பாதிதான் பயன்படும்.

வீட்டுக்குள் இருக்கும் காற்றுக்கெனச் சட்டப்படி கட்டாயமான தர அளவு எதுவும் இந்தியாவில் இல்லை. 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டமும், 2009இல் அறிவிக்கப்பட்ட தேசியத் தர அளவுகளும் வெளிக்காற்றைப் பற்றியவை. பி.எம். 2.5 எனப்படும் நுண்துகளுக்கு இந்தியாவின் ஆண்டுச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த வரம்பு 5. இந்த இடைவெளிக்கு நடுவே வடசென்னை வீடுகளில் காற்று மேம்பட்டிருக்கிறது என்றால், அது பெரும்பாலும் வேறு நோக்கத்துக்காக எழுதப்பட்ட விதிகளாலும் நீதிமன்ற ஆணைகளாலும் நடந்தது.

யானைக்கவுனியை ஒட்டிய சவுகார்பேட்டை நகைப் பட்டறைகள் இதற்கு நல்ல சான்று. குறுகிய மாடிப்படி ஏறிப் போனால் ஓர் அறை. அதில் நாலைந்து பேர் தரையில் அமர்ந்து வேலை செய்வார்கள், பலர் இரவில் அங்கேயே படுப்பார்கள். தங்கத்தைச் சுத்தம் செய்ய நைட்ரிக் அமிலத்தில் போடும்போது செம்பழுப்பு நிறத்தில் எழும் புகை நைட்ரஜன் டை ஆக்சைடு. அதைவிடக் கொடியது நகைத் துண்டுகளை ஒட்டவைக்கும், காட்மியம் கலந்த பற்று. "கே.டி.எம். நகை" என்று அப்பற்றில் செய்ததைக் கடைகள் பெருமையாக விற்ற காலத்தில், ஊதுகுழல் சூட்டில் ஆவியான காட்மியத்தை வேலை செய்தவர்கள் சுவாசித்தார்கள். அது உடனே ஒன்றும் செய்யாதது போலிருக்கும். சில மணி நேரம் கழித்துக் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வரும். ஆண்டுக்கணக்கில் சேர்ந்தால் சிறுநீரகம் கெடும். ஹால்மார்க் விதிகள் காட்மியப் பற்றை ஏற்பதில்லை. 2021 ஜூனில் ஹால்மார்க் கட்டாயமானதும் அந்தப் பற்றுக்கு இருந்த சந்தை இன்னும் சுருங்கியது. நகை வாங்குபவரின் நலனுக்காக வந்த விதி, நகை செய்பவரின் நுரையீரலையும் காத்தது. அமிலப் புகைக்கு அப்படியொரு விதி கைகொடுக்கவில்லை.

ராயபுரத்தில் கதை நிலக்கரியைச் சுற்றியது. சென்னைத் துறைமுகத்தில் திறந்தவெளியில் குவித்த நிலக்கரியும் இரும்புத் தாதுவும் காற்றில் பறந்து, பக்கத்துத் தெருக்களில் தரை, துணி, பாத்திரம் எல்லாவற்றிலும் கரிப்படலமாகப் படிந்தன. துடைத்த இடத்தில் மறுநாளும் கறுப்பு. மக்கள் பல ஆண்டுகள் முறையிட்ட பின், இவ்விரு சரக்குகளையும் 2011 அக்டோபர் 1 முதல் அங்கே கையாளக் கூடாது, எண்ணூருக்கு மாற்ற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. வீட்டுக்குள் சேரும் தூசியைக் குறைத்ததில் வடசென்னை கண்ட மிகப் பெரிய நடவடிக்கை இதுவே எனலாம். ஆனால் சுமை மறையவில்லை, இடம்தான் மாறியது. வடசென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பலை ஏற்கெனவே தாங்கிக்கொண்டிருந்த எண்ணூர்வாசிகள் ராயபுரத்தின் நிம்மதிக்கும் சேர்த்து விலை கொடுத்தார்கள். 2009இலேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தன் குறியீட்டில் பக்கத்திலுள்ள மணலிக்கு 76.32 புள்ளி கொடுத்து, கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதி என்று வகைப்படுத்தியிருந்தது.

சமையலறைப் புகையைப் பொறுத்தவரை தமிழ்நாடு முந்திக்கொண்டது. 2007இல் மாநில அரசு ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்போடு இலவச அடுப்பு கொடுக்கத் தொடங்கியது. ஒன்றிய அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே 1 அன்றுதான் வந்தது. தேசியக் குடும்ப நல ஆய்வுகளின்படி, தூய எரிபொருளில் சமைக்கும் இந்தியக் குடும்பங்கள் 2015-16இல் 43.8 விழுக்காடு, 2019-21இல் 58.6 விழுக்காடு. போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு இத்துறையில் உலகளவில் அறியப்பட்டது. அக்குழுவும் பங்கேற்று நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளிடம் நடந்த ஹாப்பின் ஆய்வில், எரிவாயுவுக்கு மாறிய பெண்கள் சுவாசித்த நுண்துகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. குழந்தைகளின் பிறப்பு எடையில் மட்டும் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை என்று 2022இல் முடிவு வெளியானது. அடுப்பை மாற்றுவது தேவை, அது மட்டும் போதாது என்றே இதைப் படிக்க வேண்டும்.

பொது இடங்களில் புகைபிடிக்க 2008 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் தடை உண்டு. டீக்கடைக்குள் நின்றால் அதன் பலன் தெரியும். கொசுவத்தி எந்தத் தடைக்கும் உட்படாதது. ஒரு சுருள் வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்கு ஈடு என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பக்கிங்காம் கால்வாய்க் கரையில் குடியிருப்பவர் வேறு என்ன கொளுத்துவார்? கொசு பெருகும் கால்வாயைத் தூர்வாருவதும் காற்றுத் தூய்மைப் பணிதான்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும் வேளையில், எண்ணூரில் கோரமண்டல் உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. சின்னக்குப்பம், பெரியகுப்பம் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுமுட்டலோடும் தூக்கத்திலிருந்து எழுந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். கதவைச் சாத்தி வாயுவைத் தடுக்கும் வீடுகள் அல்ல அவை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

ராயபுரம், கொடுங்கையூர், மணலி ஆகிய இடங்களில் தானியங்கிக் கண்காணிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. எல்லாம் திறந்தவெளிக் காற்றை அளப்பவை. உள்ளே, வேலையிடக் காற்றோட்டத்தையும் புகைபோக்கும் வசதியையும் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் கட்டாயமாக்கியது. ஆனால் மின்விசையுடன் 10 பேர், இல்லாமல் 20 பேர் என்ற வரம்புக்குக் கீழே அது பொதுவாகப் பொருந்தவில்லை. 2020இல் நாடாளுமன்றம் இயற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்பு இந்த வரம்பை 20, 40 என்று இரட்டிப்பாக்கியது. நாலைந்து பேர் வேலை செய்யும் சவுகார்பேட்டை மாடியறை முன்னரும் எல்லைக்கு வெளியேதான் இருந்தது. இப்போது இன்னும் தள்ளிப் போயிருக்கிறது.