தோட்டத்துக்குக் கீழே நீலக்கல்

இரத்தினபுரிப் பக்கம் தேயிலை, றப்பர் மலைகளுக்கு இடையில இருக்கிற வயல்களையும் ஆற்றோரங்களையும் தோண்டினா 'இல்லம்' என்கிற சரளைப் படை வரும். நீலக்கல் அதுலதான் கிடைக்குது. பால் போல மங்கின கல்லுக்குப் பேர் கெவுடா. ஒரு காலத்தில் அதுக்குப் பெரிய மதிப்பில்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அதை மலிவா வாங்கிப்போய், 1,500 பாகைக்கு மேல் சூடாக்கி, நல்ல நீலமாக்கி விற்றார்கள். கல் இங்கே, இலாபம் அங்கே.

இரண்டாவது கதை ஜப்பானில். நீலக்கல் என்பது அலுமினியம் ஒட்சைட்டுப் படிகம். அதைத் தொழிற்சாலையில் நிறமில்லாமல் வளர்த்து, மெல்லிய தட்டாக அறுத்து, மேலே காலியம் நைட்ரைட்டுப் படலத்தை வளர்த்தால் நீல எல்.ஈ.டி. செய்யலாம். சிக்கல் என்னன்னா, இரண்டின் அணு இடைவெளியும் சுமார் 16 சதவீதம் பொருந்தாது, படலம் வெடிச்சுப்போகும். 1986இல் நகோயா பல்கலைக்கழகத்தில் அகசாகியும் அமானோவும் நடுவில் அலுமினியம் நைட்ரைட்டால் ஒரு மெல்லிய மெத்தை போட்டார்கள். தெளிவான படலம் வந்தது. 1993இல் நிச்சியா நிறுவனத்தின் நகமுரா பிரகாசமான நீல விளக்கைக் காட்டினார். மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு.

இன்னைக்கு லயத்துக் காம்பராவில் எரியுற எல்.ஈ.டி. பல்புக்குள்ளயும் அந்த நீல சிப்தான். மேலே பூசின மஞ்சள் பொருள் வெளிச்சத்தை வெள்ளையாக்குது. 1948இல் குடியுரிமையை இழந்த நம்ம ஆட்கள் பலருக்குத் தோட்டக் காணி இன்னும் சொந்தமில்லை. கீழே இருக்கிற கல்லும் நமக்கில்லை. ஆனா இரண்டு கதையிலும் ஜெயிச்சவங்க கல்லைப் படிச்சவங்கதான். தோட்டப் பள்ளிகளுக்கு விஞ்ஞானப் பிரிவு வேணும்னு நாம கேக்கிறது அதனாலதான்.