ஹித்தீன்: களமும் நினைவும்

ஹிஜ்ரி 583, ரபீஉல் ஆகிர் பிறை 24, அதாவது கி.பி. 1187 ஜூலை 4, சனிக்கிழமை. தபரிய்யா ஏரிக்கு மேற்கே, இரு கொம்புகள்போல் எழுந்து நிற்கும் ஹித்தீன் குன்றில் சிலுவைப் போராளிகளின் பெரும்படை அழிந்தது.

அப்படையை முதலில் வீழ்த்தியது தாகமே எனலாம். சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி தபரிய்யா நகரைக் கைப்பற்றிக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். கோட்டைக்குள் சிக்கியிருந்தவர் திரிப்போலிக் கோமகன் ரேமண்டின் மனைவி. ஆயினும், ‘ஸஃபூரிய்யாவின் நீரூற்றுகளை விட்டு அகல வேண்டாம்’ என்று மன்னர் கீயிடம் எடுத்துரைத்தவர் அந்த ரேமண்டேதான்! முதலில் இசைந்த மன்னர் இரவோடிரவாக மனம் மாறினார். நீரற்ற வழியில் படை நடந்தது. மேலே அம்பு மழை; சுற்றிலும் காய்ந்த புல்லில் மூட்டிய தீயின் புகை. மறுநாள் எல்லாம் முடிந்தது.

சிறைப்பட்ட மன்னருக்குச் சுல்தான் குளிர்ந்த பானம் அளித்து உயிருக்கு அபயம் தந்தார். உடன்படிக்கையை மீறி வணிகக் கூட்டத்தைக் கொள்ளையிட்ட ரெஜினால்டைத் தம் கையாலேயே வெட்டினார். சிறைப்பட்ட துறவிப்படை வீரர்களும் கொல்லப்பட்டனர். இதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. வரலாறு புகழ்மாலை அன்று.

மூன்று திங்களில், ரஜப் பிறை 27 அன்று பைத்துல் முகத்தஸ் பணிந்தது. 1099ஆம் ஆண்டில் சிலுவைப் படை நுழைந்தபோது குருதி பெருகிய நகரம் அது. இம்முறை அங்கே படுகொலை நிகழவில்லை. ஆணுக்கு 10 தீனார், பெண்ணுக்கு 5 தீனார் என மீட்புப்பணம் விதிக்கப்பட்டது. ஏழைகள் பலரைச் சுல்தானும் அவர் இளவல் அல்ஆதிலும் பணமின்றியே விடுவித்தனர். எனினும், எஞ்சிய ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாயினர் என்பதும் உண்மையே.

ஹித்தீன் குன்றின்மீது சுல்தான் ஒரு வெற்றி மாடம் எழுப்பினார். 1217இல் அவ்வழியே சென்ற ஜெர்மானியப் பயணி கண்டது அதன் இடிபாடுகளைத்தான். ஆனால், எதிர்த்துப் போரிட்டோரின் வழித்தோன்றல்கள் சுல்தானை மறக்கவில்லை. இத்தாலிய மகாகவி தாந்தே தம் காவியத்தில் பண்டைச் சான்றோர் நடுவே அவரைத் தனித்து நிறுத்தினார். ஜெர்மானிய அறிஞர் லெஸ்ஸிங் 1779இல் வெளியிட்ட நாடகத்தில் அவரைப் பெருந்தன்மை மிக்க வேந்தராகப் படைத்தார்.

1193இல் திமிஷ்கில் சுல்தான் மறைந்தபோது அவர் கருவூலத்தில் இருந்தவை 47 வெள்ளி திர்ஹங்களும் ஒரேயொரு பொற்காசுமே.

நம் பிள்ளைகளுக்கு ஹித்தீனைச் சொல்லும்போது களத்தோடு நிறுத்திவிட வேண்டாம். பைத்துல் முகத்தஸின் வாயில்வரை அவர்களை அழைத்துச் செல்வோம். வென்றவர் தோற்றவரை எப்படி நடத்தினார் என்பதை, குறையும் நிறையுமாக, அங்கேதான் அவர்கள் காண்பார்கள்.