ஒரு கப்பலும் நான்கு பெயர்களும்

நேயர்களே, சிலப்பதிகாரத்துக் கயவாகுவை எனக்கு அறிமுகஞ் செய்து வைத்தது ஒரு போர்க்கப்பல் என்றால் வியப்பீர்கள். அறுபதுகளின் பிற்பகுதியில், சிறுவனாகத் திருகோணமலைக்குப் போயிருந்தேன். துறைமுகத்திலே சாம்பல் நிறத்தில் நின்ற கப்பலொன்றைச் சுட்டிக்காட்டி, "அதுதான் கஜபாகு" என்றார் தகப்பனார். "அது ஆரப்பா?" என்று கேட்டேன். "கண்ணகிக்கு விழா எடுத்த எங்கட நாட்டு ராசா" என்றார்.

அந்தக் கப்பல் எங்கள் நாட்டிலே பிறந்ததன்று என்பதைப் பல வருடங்களுக்குப் பின்னரே படித்தறிந்தேன்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் அத்திலாந்திக் கடலில் சரக்குக் கப்பல்களை வேட்டையாடின. காவலுக்குச் சென்ற சிறு கப்பல்கள் அக்கடலின் அலைகளைத் தாங்கமாட்டாது தத்தளித்தன. எனவே 'ரிவர்' வகைப் பிரிகேட் கப்பல்கள் உருவாயின. நீளம் ஏறத்தாழ 301 அடி, வேகம் மணிக்கு 20 கடல்மைல். வணிகக் கப்பல்களில் பழகியவர்களும் இயக்கக்கூடிய எளிய நீராவி எந்திரங்களே அவற்றில் பூட்டப்பட்டன. அவ்வகையில் ஒன்று 1944 மார்ச் 28இல் கனடாவின் மொன்றியல் நகரில் நீரில் இறக்கப்பட்டது. ஹலோவெல் என்பது அதன் முதற் பெயர்.

அவ்வாண்டு ஓகஸ்டில் கனேடியக் கடற்படையில் சேர்ந்த ஹலோவெல், 1945 நவம்பரில் ஓய்வு பெற்றது. போருக்கென்றே பிறந்த கப்பல் அந்தக் கொடியின் கீழ் வாழ்ந்தது பதினைந்து மாதங்களே. போர் முடிந்தது, இரும்போ இன்னும் புதிதாகவே இருந்தது. ஆகவே அது விலைப்பட்டது. 1949இல் சாரோன் என்ற பெயரில் பயணிகள் கப்பலாயிற்று. 1952இல் இஸ்ரேலியக் கடற்படை அதனை மீண்டும் போர்க்கப்பலாக்கி, மிஸ்னாக் என்று பெயரிட்டது.

இலங்கைக் கடற்படை 1950 டிசம்பரில் உருவானது. 1957 ஒக்டோபரில் திருகோணமலைத் தளத்தைப் பிரித்தானியர் கையளித்தனர். பெரிய துறைமுகம் கிடைத்துவிட்டது. அங்கே நிறுத்தக் கப்பல்கள் வேண்டாமா? 1959இல் இஸ்ரேலிடமிருந்து ஒரே வகையான இரு கப்பல்கள் வாங்கப்பட்டன. ஒன்று மகாசேனன் பெயரைப் பெற்றது. மற்றது கஜபாகு. நான்காம் பெயரோடு அது எங்கள் கடற்படையின் தலைமைக் கப்பலாயிற்று. 1978இல் உடைக்கப்பட்டது.

இங்கேதான் என் மனம் தரித்து நிற்கிறது. கப்பலுக்குப் பெயர்கள் நான்கு. அதன் கடைசிப் பெயருக்கோ கதைகள் இரண்டு. இராஜாவளிய நூலின் கஜபாகு, சோழ நாட்டின் மீது படையெடுத்து, சிறைப்பட்ட பன்னீராயிரம் பேரை மீட்டு, மேலும் பன்னீராயிரம் சோழரையும் கொணர்ந்த வீரன். அதற்கு முந்திய நூலான மகாவம்சத்திலே இந்தப் படையெடுப்பு இல்லை. இளங்கோவின் கயவாகுவோ சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது அங்கே நின்றவன். இலங்கை திரும்பி ஆடி மாதத்தில் அவளுக்கு விழா எடுத்தவன். அதனால் மழை பொழிந்து நாடு விளைந்ததாகக் காப்பியம் கூறுகின்றது. ஒருவன் சிறைகளோடு திரும்புகிறான். மற்றவன் தெய்வத்தோடு திரும்புகிறான். பெயர் ஒன்றுதான்.

போர்க்கப்பலுக்குப் பெயர் தேடியவர்களின் நெஞ்சில் எந்தக் கஜபாகு இருந்திருப்பான் என்று ஊகிப்பது கடினமன்று. ஆனால் என் தகப்பனார் தமது மகனுக்குச் சொல்வதற்கு மற்றவனைத் தெரிந்தெடுத்தார். பத்தினி என்று சிங்களவரும், கண்ணகி என்று கிழக்கிலங்கைத் தமிழரும் ஒரு தெய்வத்தையே கும்பிடுகிற நாட்டில், அது பொய்யான தெரிவுமன்று.

2019இல் கஜபாகு என்ற பெயர் மறுபடியும் எங்கள் கடலுக்கு வந்தது. இம்முறையும் கைமாறிய கப்பல்தான். 1968 முதல் அமெரிக்கக் கரையோரக் காவற்படையில் ஷேர்மன் என்ற பெயரில் ஓடியது. அதைக் காட்டி ஒரு பிள்ளை "அது ஆர்?" என்று கேட்டால், பக்கத்தில் நிற்கும் பெரியவர் எந்தக் கதையைச் சொல்வார்? கப்பலை விலைக்கு வாங்கலாம் நேயர்களே. கதையை நாங்கள்தான் தெரிந்தெடுக்க வேண்டும்.