கணக்கொப்புவியாத தலைமை

சமயத் தாபனங்களின் வரலாற்றில் ‘மறுமலர்ச்சி’ என்னும் சொல்லைப் போல எளிதாகக் கைமாறிய சொல் வேறொன்றில்லை எனலாம். அடிநிலையிலிருந்து உரிமை கேட்டெழுந்தோர் அச்சொல்லை வழங்கினர்; அவர்தம் குரலை அடக்கிய தலைவர்களும் அதே சொல்லையே வழங்கினர். ஆகவே ஒரு திருச்சபையில் மறுமலர்ச்சி நிகழ்ந்ததா என ஆராயப் புகுவோர், அங்கே தலைவராக வந்தவர் யார் என்று கேட்பதோடு அமைந்துவிடலாகாது. வந்தவர் யாருக்குக் கணக்கொப்புவிக்கின்றார் என்றும் கேட்டல் வேண்டும். இவ்விரண்டாவது கேள்வியே முதலாவதினும் முக்கியமானது என்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்னகப் பப்டிஸ்து மாநாடு தக்க சான்றாக அமைகின்றது.

சுவிசேஷத் திருச்சபைகள் என வழங்கும் புரட்டஸ்தாந்து சபைகளுள் அந்நாட்டில் மிகப் பெரியது இதுவே. 2006ஆம் ஆண்டில் இதன் அங்கத்தவர் தொகை 1 கோடி 63 இலட்சமளவில் இருந்தது. 2024ஆம் ஆண்டில் 1 கோடி 27 இலட்சமளவாகக் குறைந்துவிட்டது. இலங்கைக்கு 1812இல் வந்த பப்டிஸ்து மிஷனரிமார் இங்கிலாந்துக் கிளையைச் சார்ந்தோர். நாம் ஈண்டுப் பேசுவது அமெரிக்காவின் பருத்தி மாநிலங்களில் வளர்ந்த கிளையைப் பற்றியாகும். எனினும் இரு கிளைகளுக்கும் அடிப்படைக் கோட்பாடு ஒன்றே. ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆளும். அதற்கு மேலே மேற்றிராணியார் இல்லை. போதகரைத் தெரிவதும் நீக்குவதும் சபையாரின் வாக்கு. பதினெட்டாம் நூற்றாண்டில் இது சாதாரண கொள்கையன்று. வர்ஜீனியாவில் அரச அனுமதியின்றிப் பிரசங்கித்தமைக்காகப் பப்டிஸ்துப் போதகர்கள் சிறை சென்றனர். அவர்களுட் பலர் சிறு கமக்காரர், பெருங்கல்வி பெறாதவர்.

அக்காலச் சபைகளில் அடிமைகளும் இடம்பெற்றனர். வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்த ஜோர்ஜ் லைல் 1775ஆம் ஆண்டில் ஜோர்ஜியாவிற் போதகராக அபிஷேகம் பெற்றார். விடுதலை பெற்றபின் 1783ஆம் ஆண்டளவில் யமேக்கா சென்று அங்குள்ள அடிமைகளிடையே சபை நிறுவினார். நவீன மிஷனரி இயக்கத்தின் தந்தை எனப் போற்றப்படும் வில்லியம் கேரி இந்தியாவுக்குக் கப்பலேறியது 1793இல். அஃதாவது, அடிமைத்தளையிலிருந்து மீண்ட ஒரு கறுப்பர் அவருக்குப் பத்தாண்டுகள் முன்னரே கடல் கடந்து சுவிசேஷம் கூறினார். பாடநூல்கள் நெடுங்காலம் கேரியின் பெயரையே கூறிவந்தன. லைலின் பெயரை அறிந்தோர் சிலரே. லைல் நட்ட மரபிலேதான், பின்னர் அத்தீவில் அடிமையும் பப்டிஸ்து மூப்பருமான சாம் ஷார்ப் தோன்றினார். 1831 டிசம்பரில் நத்தாரையடுத்துக் கரும்புத் தோட்டங்களில் கூலியின்றி வேலை செய்ய மறுக்கும் போராட்டத்தை அவர் ஒழுங்கு செய்தார். அது கிளர்ச்சியாக வெடித்தது. 1832 மே மாதத்தில் அவர் தூக்கிலிடப்பட்டார். அடுத்த ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. மதம் மக்களை மயக்கும் மருந்து மட்டுமே எனக் கருதுவோர் இவ்வரலாற்றையும் கணக்கிலெடுத்தல் வேண்டும்.

ஆனால் அமெரிக்கத் தென்னகத்தில் வரலாறு வேறு திசையிற் சென்றது. 1793ஆம் ஆண்டில் பருத்தியிலிருந்து விதையைப் பிரிக்கும் இயந்திரம் வந்தது. பருத்தி பொன்னாயிற்று, அடிமையின் விலை ஏறிற்று. கமக்காரர் சபைகளாயிருந்தவற்றிற் பெருந்தோட்டக்காரர் மூப்பராயினர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அடிமை முறையைக் கண்டித்துத் தீர்மானம் இயற்றிய வர்ஜீனியப் பப்டிஸ்துகளின் வழித்தோன்றல்கள், அரை நூற்றாண்டுக்குள் அம்முறைக்கு வேதத்தில் ஆதாரம் தேடினர். 1844இல், அடிமைகளை உடைமையாகக் கொண்ட ஒருவரை மிஷனரியாக நியமிக்குமாறு ஜோர்ஜியாச் சபையார் கேட்டனர், அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை. அடிமைச் சொந்தக்காரரை அனுப்ப இயலாது என வெளிநாட்டு மிஷன் சபையும் அலபாமாச் சபையாருக்கு விடையிறுத்தது. 1845 மே மாதத்தில் ஜோர்ஜியாவிலுள்ள ஒகஸ்டா நகரிற் கூடிய 293 பிரதிநிதிகள் பிரிந்து தனி மாநாடு அமைத்தனர். தென்னகப் பப்டிஸ்து மாநாட்டின் பிறப்பு இதுவாகும். 1859இல் தொடங்கிய அதன் முதலாவது இறையியற் கல்லூரியின் நான்கு தாபக ஆசிரியர்களும் சேர்ந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட மனிதரைத் தம் உடைமையாக வைத்திருந்தனர் என, அக்கல்லூரியே 2018இல் வெளியிட்ட அறிக்கை ஒப்புக்கொண்டது.

அடிமை முறைக்காகப் பிரிந்தமைக்கு அம்மாநாடு மன்னிப்புக் கேட்டது 1995இல். பிறந்து 150 ஆண்டுகள் கழிந்தபின். இடைப்பட்ட காலத்திற் கறுப்பினப் பப்டிஸ்துகள் தமக்கெனத் தனி மாநாடுகள் அமைத்து, அவற்றினூடாக மார்ட்டின் லூதர் கிங் போன்ற தலைவர்களை உலகுக்கு அளித்துவிட்டனர். தென்னக மாநாட்டின் புகழ்பெற்ற போதகரான டபிள்யூ. ஏ. கிறிஸ்வெல் 1956இல் தென் கரோலினாச் சட்டசபை முன்னிலையில் நிறப் பிரிவினையை ஆதரித்துப் பேசினார். 1968இல் மாநாட்டின் தலைவராகத் தெரிவானபோது அக்கருத்தைக் கைவிட்டார். சமுதாயம் மாறியபின் தலைமை மாறியது. தலைமை சமுதாயத்துக்கு முன்னே நடக்கவில்லை.

பெண்களின் கதையும் இத்தகையதே. 1873இல் சீனா சென்ற லொட்டி மூன் என்னும் ஆசிரியை, மிஷன் பணிக்குப் பெண்கள் ஒழுங்காகப் பணம் திரட்டவேண்டுமெனக் கடிதங்கள் எழுதினார். அதன் பயனாக 1888இற் பெண்கள் மிஷனரிச் சங்கம் அமைந்தது. அவ்வாண்டு தொடங்கிய நத்தார்க் காணிக்கை இன்றுவரை அம்மாநாட்டின் வெளிநாட்டுப் பணிக்கு முதுகெலும்பாக இருந்துவருகின்றது. ஆயினும் அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1885இல், ஆர்க்கன்சாசிலிருந்து இரு பெண்கள் பிரதிநிதிகளாக வந்தபோது, மாநாட்டு யாப்பில் ‘அங்கத்தவர்’ என்றிருந்த சொல் ‘சகோதரர்’ எனத் திருத்தப்பட்டு வாயில் அடைக்கப்பட்டது. 1918இலேயே அது மீண்டும் திறந்தது. முப்பதாண்டுகள் பெண்கள் பணம் திரட்டினர்; அதனை எவ்வாறு செலவிடுவதென்று ஆண்கள் வாக்களித்தனர்.

இப்பின்னணியிலேதான் 1979ஆம் ஆண்டை நோக்குதல் வேண்டும். இன உரிமைப் போராட்டமும் பெண் விடுதலைக் குரலும் தென்னகத்தை உலுக்கியிருந்தன. 1964இல் ஆடி டேவிஸ் என்னும் பெண் ஒரு பப்டிஸ்துச் சபையிற் போதகராக அபிஷேகம் பெற்றிருந்தார். கல்லூரிகளில் வேதத்தை வரலாற்று முறையில் ஆராயும் ஆசிரியர்கள் இருந்தனர். வேதம் எவ்விடத்தும் பிழையற்றது என நம்பிய சாதாரண விசுவாசிகள் பலர் இதனால் உண்மையாகவே கலக்கமுற்றனர். இக்கலக்கத்தை ஒரு திட்டமாக வடித்தவர்கள் இருவர்: போல் பிறெஸ்லர் என்னும் நீதிபதி, பேஜ் பற்றர்சன் என்னும் இறையியலாளர். மாநாட்டுத் தலைவருக்கு அதிகாரம் குறைவு என்றே பலரும் எண்ணியிருந்தனர். ஆனால் அவர் ஒரு குழுவை நியமிக்கின்றார். அக்குழு மற்றொரு குழுவைப் பிரேரிக்கின்றது. அக்குழு கல்லூரிகளுக்கும் மிஷன் சபைகளுக்கும் நம்பிக்கைப் பொறுப்பாளரைப் பிரேரிக்கின்றது. பத்தாண்டுகள் தொடர்ந்து தலைமைப் பதவியை வென்றால் தாபனம் முழுவதும் கைக்குள் வந்துவிடும் என்பதை இவ்விருவரும் கண்டுகொண்டனர்.

1979இல் ஹியூஸ்டன் நகரில் ஏட்ரியன் றொஜர்ஸ் தெரிவானதோடு இத்திட்டம் தொடங்கியது. 1985இல் டலஸ் நகர மாநாட்டுக்கு 45,000க்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் திரண்டு வந்தனர். 1984இற் பெண்கள் போதகராவதற்கு எதிராகத் தீர்மானம் நிறைவேறியது. 2000ஆம் ஆண்டின் விசுவாச அறிக்கை போதகர் பதவியை ஆண்களுக்கே உரியதாக்கியது. அவ்வாண்டிலே முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் இம்மாநாட்டுடன் தமக்கிருந்த தொடர்பை அறுத்துக்கொண்டார். வென்றவர்கள் இக்காலத்தைப் பழைமையின் மறுமலர்ச்சி என்றனர். வாக்குப் பெட்டியின் வழியாகவே அவர்கள் வந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் வந்தபின் கட்டிய அமைப்பில், மேலே இருப்பவரைக் கீழே இருப்பவர் கேள்வி கேட்கும் வழி மேலும் குறுகிற்று.

அதன் விளைவு பின்னர் தெரிந்தது. போதகரால் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களும், சிறு வயதில் அக்கொடுமையை அனுபவித்து வளர்ந்தோரும், குற்றவாளிகளின் பெயர்ப்பட்டியல் ஒன்றைப் பேணுமாறு பல ஆண்டுகள் மன்றாடினர். ஓர் ஊரிற் பிடிபட்டவர் மற்றோர் ஊருக்குச் சென்று மீண்டும் போதகராவதைத் தடுப்பதே அவர்களின் நோக்கம். 2008இல் நிர்வாகக் குழு அக்கோரிக்கையை நிராகரித்தது. கூறிய காரணம், ஒவ்வொரு சபையும் சுதந்திரமானது; மேலிருந்து கட்டளையிட முடியாது என்பதாகும். அரச அதிகாரத்தை எதிர்த்துச் சிறை சென்றோரின் கோட்பாடு, இங்கே பொறுப்பைத் தட்டிக் கழிப்போரின் கேடயமாயிற்று.

2018 மே மாதத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தென்னகப் பப்டிஸ்துப் பெண்கள், பற்றர்சனின் கூற்றுகளைக் கண்டித்துப் பகிரங்கக் கடிதத்தில் ஒப்பமிட்டனர். அம்மாத இறுதிக்குள் அவர் தாம் தலைமை தாங்கிய கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். 2019 பெப்ரவரியில் ஹியூஸ்டன், சான் அன்ரோனியோ நகரங்களின் இரு பத்திரிகைகள் தம் ஆய்வை வெளியிட்டன: இருபதாண்டுகளிற் சபைத் தலைவர்களும் ஊழியர்களுமாக ஏறத்தாழ 380 பேர்மீது குற்றச்சாட்டு, பாதிக்கப்பட்டோர் 700க்கும் மேல். 2021இல் நாஷ்வில் நகரிற் கூடிய பிரதிநிதிகள் சுயாதீன விசாரணைக்கு வாக்களித்ததோடு, அதனை மேற்பார்வை செய்யும் பொறுப்பை நிர்வாகக் குழுவின் கையிலிருந்தும் எடுத்துவிட்டனர். சட்டத்தரணிகளுடன் தான் பரிமாறிய இரகசியங்களைத் திறக்க நிர்வாகக் குழு வாரக்கணக்கில் தயங்கியது. இறுதியில் 44க்கு 31 என்னும் வாக்குகளால் இணங்கியது. அதன் தலைவர் பதவி விலகினார்.

2022 மே மாதத்தில் வெளிவந்த அறிக்கை ஓர் உண்மையை அம்பலமாக்கியது. பட்டியல் வைத்தல் இயலாது எனக் கூறிய அதே அலுவலகத்தில், 2007 முதலாக ஓர் ஊழியர் இரகசியமாகப் பட்டியல் பேணி வந்திருந்தார். அதில் 703 பெயர்கள் இருந்தன. தலைமை அறியாமையால் வாளாவிருக்கவில்லை, அறிந்தே வாளாவிருந்தது. தாபனத்தின் மீது நட்டஈட்டு வழக்கு வந்துவிடக்கூடாதென்னும் அச்சம், பிள்ளைகளைக் காக்கும் கடமையினும் பாரமாயிருந்தது.

இனி இதனோடு மற்றொன்றை ஒப்புநோக்குக. 2023இல், பெண் ஒருவரைப் போதகராக ஏற்ற கலிபோர்னியாவின் சடில்பக் சபை மாநாட்டிலிருந்து விலக்கப்பட்டது. அதன் தாபகரான றிக் வொறன் முறையீடு செய்தும், 9,437 பேர் விலக்கலை ஆதரித்தனர். 1,212 பேரே எதிர்த்தனர். துன்புறுத்துவோரை வேலைக்கமர்த்திய சில சபைகளும் 2020 முதலாக விலக்கப்பட்டன என்பதையும் கூறுதல் நியாயம். ஆயினும் கேள்வி எஞ்சியே நிற்கின்றது. குற்றவாளியின் பெயரை அறிவிக்கத் தடையாயிருந்த சபைச் சுதந்திரம், பெண் போதகரைத் தெரிந்த சபைக்கு ஏன் துணைவரவில்லை? கோட்பாடு ஒன்றே, அதனை எப்போது எடுப்பது, எப்போது வைப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரமே தலைமையின் உண்மையான அதிகாரம்.

இவ்வாறு கூறுவதால் அங்கே நம்பிக்கைக்கு இடமில்லை என்று கொள்ளலாகாது. பெண் போதகரைக் கொண்ட சபைகளை யாப்பினாலேயே தடைசெய்யும் திருத்தம் 2024இலும் 2025இலும் வாக்குக்கு விடப்பட்டது. இரு முறையும் அறுபது சதவீதத்துக்குச் சற்று மேலான வாக்குகளைப் பெற்றபோதிலும், தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிட்டாமையால் தோற்றது. மறுபுறத்தில், 2022இல் அனாகெய்ம் நகரிற் பிரதிநிதிகள் அங்கீகரித்த பகிரங்கப் பட்டியலோ, 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உடனடி முன்னுரிமை அன்று என நிர்வாகக் குழுவின் தலைவரால் ஒத்திவைக்கப்பட்டது. முன்னேற்றமும் பின்னடைவும் ஒரே மண்டபத்தில் அருகருகே அமர்ந்திருக்கின்றன.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படுவது யாது? அம்மாநாட்டில் நிகழ்ந்த மெய்யான மாற்றங்களைத் தலைவர்கள் தாமாக வழங்கவில்லை. காணிக்கை திரட்டிய பெண்கள், கடிதத்தில் ஒப்பமிட்ட பெண்கள், அவமானத்தைப் பொருட்படுத்தாது தம் கதையை வெளியிட்ட பாதிக்கப்பட்டோர், நாஷ்வில்லிற் கையுயர்த்திய பெயரறியாப் பிரதிநிதிகள் ஆகியோரே அவற்றைப் பெற்றனர். நல்ல தலைவர் ஒருவர் வந்தால் சபை திருந்தும் என்னும் எதிர்பார்ப்பு, 1845 முதல் இன்றுவரை எத்தனையோ நல்லவரைக் கண்டு ஏமாந்திருக்கின்றது. பட்டியல் திறந்திருத்தல், கணக்குப் பகிரங்கமாதல், பாதிக்கப்பட்டோர் தீர்மானிக்கும் இடத்தில் அமர்தல் என்பன கைகூடாதவரை, எழுப்புதற் கூட்டங்களின் ஆரவாரம் எவ்வளவு பெரிதாயினும் அதிகாரம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இது திருச்சபைகளுக்கு மட்டும் உரிய பாடமன்று. மக்களின் பெயராற் பேசும் எத்தாபனத்துக்கும், நமது சங்கங்களும் கட்சிகளும் உட்பட, இவ்வுரைகல் பொருந்தும். செயற்குழுவின் அலுமாரியில் எந்தப் பட்டியல் பூட்டப்பட்டிருக்கின்றது, அதன் திறப்பு யாருடைய கையில் இருக்கின்றது என்று கேட்க அங்கத்தவருக்கு உரிமையுண்டு. அக்கேள்வியைச் சகியாத தலைமை தனக்கு எப்பெயர் சூட்டிக்கொண்டாலும் அதனை மறுமலர்ச்சி என நாம் ஏற்கவேண்டியதில்லை.