செம்புராங்கல்லில் இரும்பு எடுக்கலாமா?

அரிமளத்திலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர், கிணறு வெட்டும்போது கிடைத்த செம்புராங்கல் ஒன்றை என் மேசைமீது வைத்தார். "இதில் இரும்பு இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் எங்கள் ஊரில் ஏன் சார் சுரங்கம் இல்லை?" என்று கேட்டார்.

காந்தத்தை அருகில் கொண்டு சென்றோம், பயனில்லை. பின்னர் கல்லைப் பொடித்து, கரித்தூள் கலந்து, மூடிய மூசையில் பழுக்கக் காய்ச்சினோம். ஆறிய பொடியில் ஒரு பகுதி காந்தத்தில் ஒட்டிக்கொண்டது! துருவைப்போல் ஆக்சிஜனோடு பிணைந்திருந்த இரும்பிடமிருந்து ஆக்சிஜனில் ஒரு பங்கைக் கரி பறித்துவிட்டது. பழங்கால இரும்பு உலைகளில் நடந்ததும் இதன் தொடர்ச்சியே.

ஆகவே கல்லில் இரும்பு உண்டு. ஆனால் அது தாது ஆகுமா? புவி ஓட்டின் எடையில் சுமார் 5 விழுக்காடு இரும்புதான். எனவே எங்கே தோண்டினாலும் சிறிதளவு இரும்பு இருக்கும். இயற்கை அதை ஓரிடத்தில் செறிவாகச் சேர்த்து வைத்திருந்தால், செலவுக்கு மேல் பயன் கிட்டினால், அதையே தாது என்கிறோம்.

இயற்கை இரும்பைச் சேர்க்கும் வழிகளில் இரண்டை நம் தமிழகத்திலேயே காணலாம். முதலாவது, சேலத்துக் கஞ்சமலை. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், கடல்நீரில் கரைந்திருந்த இரும்பு ஆக்சிஜனுடன் சேர்ந்து, சிலிகாவுடன் அடுக்கடுக்காகப் படிந்தது. பிற்காலத்தில் புவியின் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் அது மாக்னடைட் பாறையாக மாறியது. இரண்டாவது, செம்புராங்கல். வெப்பமும் மழையும் மிகுந்த காலங்களில் நீர் பாறையிலுள்ள சுண்ணாம்பு, சிலிகா போன்றவற்றைக் கரைத்துச் சென்றது. எளிதில் கரையாத இரும்பும் அலுமினியமும் எஞ்சின. சேர்வராயன் மலையின் பாக்சைட்டும் இவ்வாறு எஞ்சியதே.

இக்கல்லுக்கு 'லேட்டரைட்' என்று 1807-ல் பெயரிட்டவர் பிரான்சிஸ் புக்கானன். மலபாரில் மக்கள் இதை வெட்டிச் செங்கல்போல் வீடு கட்டுவதைக் கண்டு, செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அப்பெயரை அமைத்தார். 1851-ல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை தோன்றியது. அதன் அறிஞர்களான வில்லியம் கிங்கும் புரூஸ் ஃபூட்டும் 1860-களில் சேலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளின் பாறைகளை ஆராய்ந்து எழுதினர். சேலத்து இரும்புத் தாதுக்களையும் இரும்புத் தொழிலையும் பற்றி 1892-ல் ஹாலண்ட் அறிக்கை வெளியிட்டார். இன்று காந்த அளவீடும், துளையிட்டு எடுக்கும் பாறைத் தண்டுகளும், வேதியியல் பகுப்பாய்வும் அப்பணியைத் தொடர்கின்றன.

ஆனால் தாது இருந்தால் மட்டும் போதாது. ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். தாது சேலத்திலிருந்து வந்தது. உலைக்கு வேண்டிய மரக்கரியோ போதவில்லை. காடுகள் அழிந்தன, இறுதியில் ஆலையும் மூடப்பட்டது. கஞ்சமலை அடிவாரத்தில் 1980-களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கிய சேலம் உருக்காலையும், அம்மலைத் தாதுவை உருக்கவில்லை. எஃகுத் தகடு உருட்டும் ஆலையாகவே தொடங்கியது.

அப்படியானால் அரிமளத்துக் கல்? இன்றைய பேருலைக்கு அது தாது அன்று. ஆயினும் புதுக்கோட்டை வட்டாரத்தில் பல இடங்களில் கிடைக்கும் இரும்புக் கிட்டம், இங்கே முன்பு இரும்பு உருக்கினார்கள் என்பதற்குச் சான்று. கைத்துருத்தி உலைக்குக் கூடைக்கணக்கில் நல்ல கல் கிடைத்தாலே போதும். அதில் கொழுவும் அரிவாளும் பிறந்தன. கல் மாறவில்லை, அதைத் தாது ஆக்கிய உலையும் தேவையும் மாறின.

மாணவர்களே! உங்கள் வயலில் கனமான, கறுத்த, குமிழிகள் நிறைந்த கிட்டம் கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். ஏட்டில் ஏறாத ஓர் உலைக்கூடத்தின் வரலாறு அதில் இருக்கலாம்.