நாலே முக்கால் அங்குலம்!

ஒரு கடிதத்திலிருந்து ஆரம்பிப்போம். தேதி, 1885 ஜூலை 24. இடம், அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் டாட்ஜ் சிட்டி. எழுதியவர் பேட் மாஸ்டர்சன். சில வருடங்களுக்கு முன்புவரை அங்கே ஷெரீஃப்பாக இருந்தவர். கடிதம் போன இடம், கோல்ட் துப்பாக்கி கம்பெனி.

தனக்கு ஒரு .45 ரிவால்வர் வேண்டும் என்கிறார். நிக்கல் முலாம் பூசியிருக்கவேண்டும். விசை லேசாக இழுபடவேண்டும். அப்புறம் முக்கியமான விஷயம்... காலித் தோட்டாவை வெளியே தள்ளுவதற்கு ஒரு கம்பி இருக்கும் அல்லவா? குழல், ஏறக்குறைய அந்தக் கம்பியின் நீளம் இருந்தால் போதுமாம்!

என்ன இது, டெய்லரிடம் சட்டைக்கு அளவு கொடுப்பதுபோல் துப்பாக்கிக்கு அளவு கொடுக்கிறாரே என்று தோன்றுகிறதா? காரணம் இருக்கிறது.

குழல் நீளமாக இருந்தால், வெடிமருந்து எரிந்து கிளம்பும் வாயு குண்டைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பின்னாலிருந்து தள்ளும். வேகம் கூடும். குறி பார்க்க முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று இருக்கிறதே, அவற்றின் இடைவெளியும் அதிகமாவதால் குறி அவ்வளவாகப் பிசகாது. ஆனால் கனக்கும். உறையிலிருந்து உருவ நேரமாகும். காமர்ஸ் படித்தவன் பாஷையில் சொன்னால், ஒவ்வொரு அங்குலத்துக்கும் வரவும் உண்டு, பற்றும் உண்டு.

இந்தக் கணக்கை முதலில் பெரிதாகப் போட்டவர் சாமுவேல் வாக்கர். டெக்ஸாஸ் ரேஞ்சர். மெக்ஸிகோவுடன் யுத்தம் நடந்த நேரம். குதிரைமேல் உட்கார்ந்து சுட, பெரிய குண்டு போடும் ரிவால்வர் வேண்டும் என்று சாமுவேல் கோல்ட்டிடம் கேட்டார். கோல்ட்டின் பழைய கம்பெனி 1842-லேயே மூழ்கிவிட்டது. மனிதரிடம் ஃபேக்டரியே கிடையாது! ஆனாலும் 1,000 ரிவால்வர் ஆர்டரை விடுவாரா? இன்னொருவர் ஃபேக்டரியில் செய்து கொடுத்தார். 1847-ல் பிறந்தது 'வாக்கர் கோல்ட்'. குழல் 9 அங்குலம். எடை இரண்டு கிலோவுக்கு மேல்! இடுப்பில் எங்கே செருகுவது? குதிரைச் சேணத்தில்தான் மாட்டவேண்டும். மருந்தின் வேகம் தாங்காமல் பல துப்பாக்கிகளில் சிலிண்டரே வெடித்தது. வாக்கரோ அதே வருடம் அக்டோபரில் மெக்ஸிகோவில் யுத்தத்தில் இறந்துபோனார்.

அதன்பிறகு குழல் மெல்ல மெல்லச் சுருங்கியது. 1873-ல் குதிரைப்படைக்கு வந்த .45 கோல்ட்டுக்கு ஏழரை அங்குலம். பிறகு ஐந்தரை. பொதுஜனங்களுக்கு நாலே முக்கால். மாஸ்டர்சன் கேட்டது இந்தக் குட்டையைத்தான். பார் வாசலில் சண்டை வந்தால் எதிராளி நிற்பது சில அடி தூரத்தில். அங்கே தூரம் பிரச்னையில்லை. நேரம்தான் பிரச்னை!

இப்போது ஒரு தமாஷ். 1931-ல், புகழ்பெற்ற வயட் எர்ப்பின் வாழ்க்கைக் கதையை ஸ்டூவர்ட் லேக் எழுதினார். நெட் பன்ட்லைன் என்ற கதாசிரியர், ஐந்து சட்டக் காவலர்களுக்கு 12 அங்குலக் குழல் வைத்த கோல்ட்களைப் பரிசளித்தாராம். அந்த ஐவரில் மாஸ்டர்சனும் ஒருவராம்! புத்தகம் பிரமாதமாக விற்றது. ஆனால் அப்படியொரு ஆர்டர் வந்ததாக கோல்ட் கம்பெனியின் பதிவேடுகளில் எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்தது, குட்டைத் துப்பாக்கி கேட்ட அந்தக் கடிதம்தான்.

பார்த்தீர்களா? கதை எழுதுகிறவருக்கு நீளம் வேண்டும். உயிரோடு வீடு திரும்பவேண்டியவருக்குக் குட்டை போதும்.

சரி, மாஸ்டர்சன் என்ன ஆனார்? துப்பாக்கிச் சண்டையில் சாகவில்லை. நியூயார்க்குக்குப் போய்ப் பத்திரிகையில் விளையாட்டுப் பத்தி எழுதினார். 1921 அக்டோபர் 25 அன்று, ஆபீஸ் மேஜையிலேயே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். வயது 67.

பத்தி எழுதுவதும் ஆபத்தான தொழில்தான் போலிருக்கிறது!