தொண்டும் தலைமையும்

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், அதன் நிழலிற் பயிலும் மாணவச் செல்வங்களுக்கு யாது கூறலாம் என எண்ணிப் பார்த்தோம். நிறைய மதிப்பெண் பெறுக, பட்டம் பெறுக, பதவி பெறுக என வாழ்த்துவார் பலர். அவை யாவும் வேண்டுவனவே. ஆயினும் நம் மக்களுக்குப் பதவியாளர் மட்டும் போதாது, தலைவர்களும் வேண்டும். அத்தகைய தலைமை பள்ளிப் பருவத்தில் எவ்வாறு முளைக்கின்றது என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊர்ப்பணியில் ஈடுபடும் மாணவனிடத்தே தலைமைப் பண்பு வளரும் என்று கல்வியாளர் கூறுவர். நாமும் அதனை ஒப்புகின்றோம். எனினும், ‘தொண்டு’ என்னும் சொல் ஏனையோர் செவியில் ஒலிப்பது போல் நம் தெருப் பிள்ளைகளின் செவியில் ஒலிப்பதில்லை. கூலியின்றி உழைப்பது நம் முன்னோர்க்குப் புதிதன்று. இழவு சொல்லப் போவதும், தெருவைத் துப்புரவு செய்வதும், செத்த மாட்டை அகற்றுவதும் அவர்கள்மீது சுமத்தப்பட்டன. அப்பணிகள் எவரையும் தலைவராக்கவில்லை.

நாம் உயர்நிலைப் பள்ளியிற் பயின்ற நாளில், பள்ளி வளாகத்தைச் சீர்செய்யும் நேரம் வந்தால் துடைப்பம் நம் தெருப் பிள்ளைகளின் கைக்கே வரும். செடிக்கு நீர் வார்க்கும் வேலை பிறர்க்குச் செல்லும். ஆசிரியர் எண்ணிச் செய்தாரோ, பழக்கத்தாற் செய்தாரோ அறியோம். அன்று நாம் கற்றது தலைமை அன்று, தலைகுனிவே. ஆதலின் தொண்டு எது, ஏவல் எது எனப் பிரித்தறிவதே இப்பொருளில் முதற்பாடம்.

சோலாப்பூர் விடுதி

அண்ணல் அம்பேத்கர் பள்ளி மாணவராயிருந்தபோது தண்ணீர்க் குழாயைத் தாமே தொடுதற்கு இயலாது. பள்ளி ஏவலர் திறந்துவிட்டால்தான் நீர் அருந்தலாம். அவர் வாராத நாளில் தாகத்தோடு வீடு திரும்ப வேண்டும். அந்த மாணவரே பின்னர் மேல்நாடுகளில் உயர்கல்வி முடித்து வந்து, 1924ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பம்பாயில் ‘பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா’ என்னும் அமைப்பை நிறுவினார். விடுதிகளும் நூலகங்களும் படிப்பு வட்டங்களும் ஏற்படுத்துவது அதன் நோக்கங்களுள் முதன்மையானது.

அச்சபை 1925 சனவரியில், ஆலைத் தொழில் மிகுந்த சோலாப்பூர் நகரில், உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கென விடுதி ஒன்றைத் திறந்தது. உணவும் உடையும் தந்ததோடு அது நிற்கவில்லை. அங்குத் தங்கிய பிள்ளைகளிடம் கல்வி வேட்கையோடு சமூகத் தொண்டில் நாட்டமும் வளர்ந்தது. ‘சரஸ்வதி விலாஸ்’ என்னும் திங்களிதழையும் அவர்கள் நடத்தினர். எழுத்தே மறுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் இதழ் நடத்தினர் என்பதை எண்ணிப் பாருங்கள். யாரும் ஏவாமல் தாமே ஏற்ற பணி அது. 1927 மார்ச்சுத் திங்களில் மகாடு நகரின் சவுதார் குளத்து நீரைப் பருக அண்ணலின் பின்னே ஆயிரக்கணக்கானோர் நடந்தனர். இத்தகைய எழுச்சிக்கு வேண்டிய உரம், இதுபோன்ற சிறு பணிகளால் இடப்பட்டதே ஆகும்.

இரண்டு பானைகள்

இனி நம் தமிழகத்துக்கு வருவோம். பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் எல்லா மக்களுக்கும் உரியன என்னும் தீர்மானத்தை, 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசனார் கொணர்ந்து நிறைவேறச் செய்தார். அதே 1924இல் தென்னார்க்காட்டில் பிறந்தவர் எல். இளையபெருமாள். அவர் பள்ளியில் சேர்ந்தபோது தீர்மானம் பழையதாகியிருந்தது, தீண்டாமையோ பழையதாகவில்லை. பள்ளியில் இரண்டு தண்ணீர்ப் பானைகள் இருந்தன; ஒன்று நம் பிள்ளைகளுக்கு, மற்றது ஏனையோர்க்கு. இளையபெருமாள் நம் பிள்ளைகளுக்கென வைத்த பானையை உடைத்தார். புதுப்பானை வந்தது, அதனையும் உடைத்தார். முடிவில் தலைமையாசிரியர் உண்மையறிந்து அனைவர்க்கும் ஒரே பானை வைக்கச் செய்தார்.

இதனைக் குறும்பு என்று சொல்வாரும் உளர். தமக்கு மட்டும் நீர் தேடிய செயலன்று அது. தமக்குப் பின்வரும் பிள்ளைகள் அனைவர்க்குமாகச் செய்த செயல். அம்மாணவர் 1952இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1965இல் நடுவணரசு அமைத்த தீண்டாமை பற்றிய குழுவுக்குத் தலைவராகி, 1969இல் அறிக்கை அளித்தார். பள்ளியில் ஒரு பானையைப் பற்றி எழுந்த வினாவையே, பின்னாளில் நாடு முழுமைக்குமாக எழுப்பினார் எனலாம்.

நம் மாவட்டத்தில்

அறிக்கை வெளிவந்த அதே 1969ஆம் ஆண்டில், காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவரோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. பின்னர் அது மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆண்டுக்கு 120 மணி நேரப் பணியும், ஏழு நாள் சிறப்பு முகாமும் அதன் நடைமுறை.

நம் தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2ஆம் நாள் சேலத்தினின்று பிரிந்து உருவாயிற்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவில் மாநிலத்திலேயே கடைசி மாவட்டம் நம்முடையது, மாநிலம் 80.1 விழுக்காடு, நாம் 68.5 விழுக்காடு. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதியாதலால், பல்லிற் கறையும் எலும்பு நோயும் பல ஊர்களைப் பற்றின. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது.

நாம் பணியாற்றிய பள்ளியொன்றின் நலப்பணி மாணவர்கள், ஒரு முகாமில் இக்குடிநீரைப் பற்றி வீடு வீடாகக் கேட்டறிய முனைந்தனர். குடிப்பது எந்த நீர், சமைப்பது எந்த நீர், குழாயில் வாரத்துக்கு எத்தனை நாள் நீர் வருகின்றது என்பனவே வினாக்கள். குழுக்களைப் பெயர்ப்பட்டியல் வரிசைப்படி பிரித்தோம். தெருவைப் பார்த்துப் பிரிக்கவில்லை. துடைப்பமும் அவ்வரிசைப்படியே. 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகள் தீக்கிரையானதை மறவாத பெற்றோர், இரு பக்கத்திலும் அஞ்சினர். அவர்தம் அச்சத்தை நாம் குறை கூறவில்லை.

ஊர்த்தெரு மாணவன் ஒருவன் நம் தெருவுக்குள் முதன்முறையாக அன்றுதான் வந்தான். வெயிலில் களைத்து, ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, நீர் வாங்கிக் குடித்தான். அதனை எவரும் பாராட்டவுமில்லை, பேசவுமில்லை. நாம் மட்டும் இளையபெருமாள் உடைத்த பானையை நினைந்துகொண்டோம்.

தெருவின் கடைக்கோடி வீடுகளுக்கு நீர் ஏறுவதில்லை. அவர்கள் ஆழ்துளைக் கிணற்று நீரையே குடிக்கின்றனர் என்பது கணக்கில் தெரிந்தது. பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி மனு எழுதினாள். கிராம சபையில் வாக்காளரே உறுப்பினர், அவளுக்கோ வாக்கில்லை. ஆகவே இரண்டு இரவுகள் தன் பாட்டியோடு அமர்ந்து, எத்தனை வீடு, எத்தனை நாள் என்பதை மனப்பாடமாக்கினாள். எழுதப் படிக்க அறியாத அம்மூதாட்டி சபையில் எழுந்து, தாளைப் பாராமலே கூறினார். உடனே நீர் வந்துவிடவில்லை. மூன்று கூட்டங்களில் அதே மனுவைக் கொடுத்த பின்னரே குழாய் திருத்தப்பட்டது. தான் முன்னிற்காமல் பாட்டியைப் பேச வைத்தாளே, அதுவே தலைமை என்போம்.

இளைஞர்களே! தொண்டுக்கு உங்களை எவரேனும் அழைத்தால் மூன்று வினாக்களை எழுப்புங்கள். இப்பணியைத் தேர்ந்தவர் யார்? எல்லாத் தெருப் பிள்ளைகளும் இதில் சமமாகக் கைவைக்கின்றனரா? கணக்கும் எழுதுகோலும் யார் கையில் உள்ளன? மூன்றுக்கும் விடை நேராயின் தயங்காது இறங்குங்கள். துடைப்பமும் அப்போது இழிவாகாது. விடை நேரல்லவாயின், அமைதியாக, ஆனால் அச்சமின்றிக் கேளுங்கள். அக்கேள்வியும் நம் மக்களுக்கு நீங்கள் ஆற்றும் தொண்டேயாகும்.